உயர்நிலை ஆங்கிலச் சொற்களைப் பொருளோடும் பயன்பாட்டோடும் கற்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்தில் செய்தி படிக்கவும், மின்னஞ்சல் எழுதவும், ஓரளவு தடையின்றிப் பேசவும் கற்றுக்கொண்ட பலர், அதற்கு மேல் நகர முடியாமல் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். இலக்கணம் அவர்களுக்குப் பெரிய தடையாக இருப்பதில்லை, சொல்தான் தடையாகிறது. தலையங்கம், ஆய்வுக் கட்டுரை, ஒப்பந்தம், தரமான புதினம் என எதைத் திறந்தாலும் புரியாத சொல் ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. உடனே ‘தெரிந்திருக்க வேண்டிய ஆயிரம் சொற்கள்’ என்பது போன்ற ஒரு பட்டியலை எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஒரு தமிழ்ப் பொருளை எழுதி உருப்போடத் தொடங்குகிறார்கள். சில வாரங்களில் பெரும்பகுதி மறந்துபோகிறது. மறக்காமல் எஞ்சிய சொற்களும் எழுதும்போது கைக்கு வருவதில்லை. வந்தாலும் பொருந்தாத இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன.

இதற்கு நினைவாற்றல் குறைவு காரணம் அன்று. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று எடுத்துக்கொள்வதுதான் காரணம். உயர்நிலைச் சொல் ஒவ்வொன்றுக்கும் வழக்கமாகச் சேர்ந்து வரும் துணைச்சொற்கள் உண்டு. பாராட்டாகவோ பழிப்பாகவோ சாயும் ஒரு தொனி உண்டு. புழங்குவதற்கென்று ஓர் இடம் உண்டு. இவற்றோடு சேர்த்துக் கற்ற நூறு சொற்கள், பொருளை மட்டும் உருப்போட்ட ஆயிரம் சொற்களைவிட அதிகம் பயன்படும் என்ற நம்பிக்கையில்தான் இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. ஆங்கிலச் சொற்களை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். அவற்றின் எழுத்துக்கூட்டலை அகராதியில் தேடிக் கண்டு எழுதிக்கொள்வதையே முதல் பயிற்சியாகக் கொள்ளலாம்.

படி 1: இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்று அளந்துகொள்ளுங்கள்

சொல்வளத்தை அளக்கும்போது தனிச்சொற்களை எண்ணாமல் ‘சொற்குடும்பம்’ என்ற அலகை ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். ‘டிசைட்’, ‘டிசிஷன்’, ‘டிசைசிவ்’, ‘இன்டிசைசிவ்’ ஆகிய நான்கும் ஒரே குடும்பம். சொல்வள ஆய்வில் முன்னோடியான பால் நேஷன் 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி, நாளிதழையும் புதினத்தையும் யாருடைய உதவியும் இல்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவைப்படுகின்றன. ஒரு பக்கத்தில் உள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருந்தால்தான் வாசிப்பு தடையின்றி நகரும் என்ற அளவுகோலை வைத்து அவர் இந்த எண்ணிக்கைக்கு வந்தார்.

இந்த அளவுகோலை நீங்களே பயன்படுத்தலாம். நீங்கள் படிக்க விரும்பும் வகையான எழுத்திலிருந்து ஏறத்தாழ 300 சொற்கள் கொண்ட ஒரு பகுதியை எடுத்து, பொருள் தெரியாத சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். அடிக்கோடுகள் 6 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் 98 விழுக்காட்டை எட்டிவிட்டீர்கள். அந்த வகை எழுத்தைத் தாராளமாகப் படித்துக்கொண்டே போகலாம். 15-ஐத் தாண்டினால் அந்த எழுத்து இப்போதைக்கு உங்களுக்குக் கனமானது. சற்று எளிய நூலிலிருந்து தொடங்குவதில் எந்தக் குறைவும் இல்லை. இன்னும் துல்லியமாக அறிய விரும்புவோர், நேஷனும் டேவிட் பெக்லரும் 2007-இல் உருவாக்கிய 140 வினாக்கள் கொண்ட சொல்வளத் தேர்வை எழுதிப் பார்க்கலாம். ஒவ்வொரு ஆயிரம் சொற்களுக்கும் 10 வினாக்கள் என்ற கணக்கில் அது அமைந்திருக்கிறது.

அளக்கும்போது ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்திருங்கள். பார்த்தால் புரிகிற சொல் வேறு. தேவைப்படும்போது தானாக நாவிற்கு வருகிற சொல் வேறு. எல்லோருக்கும் முதல் வகைதான் அதிகமாக இருக்கும். ஏற்கெனவே பாதி தெரிந்து, முதல் வகையில் தேங்கிக் கிடக்கும் சொற்களை இரண்டாம் வகைக்கு மாற்றுவதுதான் மிகக் குறைந்த உழைப்பில் மிக அதிகப் பலன் தரும் வேலை. முற்றிலும் புதிய சொற்களைத் தேடி ஓடுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.

படி 2: எந்தச் சொற்களைக் கற்பது என்று தேர்ந்தெடுங்கள்

மைக்கேல் வெஸ்ட் 1953-இல் தொகுத்த பொதுச்சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்கள் இருந்தன. அவற்றைக் கடந்தவர்களுக்காக அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் கல்விச் சொற்பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதில் 570 சொற்குடும்பங்கள் மட்டுமே உள்ளன. ஆனால் கல்வி சார்ந்த எழுத்துகளில் வரும் மொத்தச் சொற்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டை அவையே நிரப்புகின்றன. ‘இம்ப்ளிசிட்’ (வெளிப்படையாகச் சொல்லாமல் உள்ளே பொதிந்திருப்பது), ‘இன்ஹெரன்ட்’ (இயல்பிலேயே உள்ளடங்கியது), ‘கோஹீரன்ட்’ (முன்னுக்குப் பின் முரணின்றிக் கோவையாக அமைந்தது), ‘ஆம்பிக்யுவஸ்’ (இருபொருள் தந்து குழப்புவது) போன்றவை அதில் உள்ளவை. உயர்நிலைக்கு ஏறும் எவரும் முதலில் இந்த 570-ஐ முழுமையாக வசப்படுத்துவதே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். இவை கண்ணைப் பறிக்கும் அரிய சொற்கள் அல்ல. ஆனால் எந்தத் துறையைத் தொட்டாலும் எதிரே வந்து நிற்பவை இவைதான்.

இவற்றுக்கு அடுத்தபடியாக உங்கள் துறைக்குரிய சொற்களைச் சேர்க்கலாம். ‘அப்ஸீக்வியஸ்’ (அளவுக்கு மீறிக் குழைந்து பணிவது), ‘லோக்வேஷஸ்’ (ஓயாமல் பேசுவது) போன்ற அரிய சொற்கள் மூன்றாம் நிலையில்தான் வர வேண்டும். அவற்றை நேரடியாகச் சோதிக்கும் தேர்வுக்குத் தயாராவோர் மட்டும் இந்த வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.

படிக்கும்போது எதிர்ப்படும் புதுச்சொல்லை ஏட்டில் ஏற்றுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க ஓர் எளிய விதி போதும். ஒரு சொல்லை முதல் முறை கண்டால் பொருளை ஊகித்து, வேண்டுமானால் அகராதியில் பார்த்துவிட்டு, கடந்து போய்விடுங்கள். தொடர்பில்லாத வேறொரு நூலிலோ கட்டுரையிலோ அதே சொல் மீண்டும் வந்தால், அது உங்கள் வாசிப்பு உலகில் புழங்கும் சொல், அதை ஏற்றுங்கள். ஒரே எழுத்தாளர் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார் என்பது மட்டும் போதாது.

படி 3: சரியான அகராதியைக் கையில் எடுங்கள்

தாய்மொழியாளர்களுக்கான அகராதியும் கற்போருக்கான அகராதியும் ஒன்றல்ல. முதல் வகை அகராதி, ஒரு கடினமான சொல்லை விளக்க இன்னும் கடினமான இரண்டு சொற்களைப் பயன்படுத்தத் தயங்காது. கற்போருக்கான அகராதிகள் வேறு நோக்கத்தில் பிறந்தவை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, தம் சகாக்களோடு அங்கேயே 1942-இல் வெளியிட்ட அகராதிதான் பின்னர் ஆக்ஸ்ஃபோர்டின் உயர்நிலைக் கற்போர் அகராதியாக வளர்ந்தது. 1978-இல் வந்த லாங்மன் அகராதி, ஏறத்தாழ 2,000 எளிய சொற்களை மட்டும் கொண்டே எல்லாச் சொற்களையும் விளக்கியது. 1987-இல் வந்த கோபில்ட் அகராதி, ஒரு சொல் எந்தச் சூழலில் வருமோ அந்தச் சூழலையே முழு வாக்கியமாக எழுதி விளக்கியது. இவற்றில் ஏதேனும் ஒன்று உங்கள் நிலையான துணையாக இருக்கட்டும். இன்று அவற்றை இணையத்திலும் பார்க்கலாம், ஒலிப்பையும் கேட்கலாம்.

ஆங்கிலம்–தமிழ் அகராதியை விலக்க வேண்டும் என்று சிலர் அறிவுறுத்துவதை நான் ஏற்கவில்லை. தாய்மொழியில் ஒரு பிடி கிடைத்தால் சொல் மனத்தில் விரைவாகப் பதிகிறது. ஆனால் வரிசையை மாற்றக்கூடாது: முதலில் சொல் வந்த வாக்கியம், அடுத்து கற்போர் அகராதியின் விளக்கமும் எடுத்துக்காட்டுகளும், அதன் பிறகே தமிழ்ப் பொருள். அந்தத் தமிழ்ப் பொருளையும் அகராதியிலிருந்து அப்படியே பெயர்த்து எழுதாமல், அந்த வாக்கியத்தைத் தமிழில் நீங்கள் சொன்னால் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவீர்களோ அதை எழுதுங்கள்.

படி 4: ஒரு சொல்லை முழுமையாகப் பிரித்துப் பாருங்கள்

எல்லாப் படிகளிலும் இதுவே முதன்மையானது என்பதால் ஒரே ஒரு சொல்லை எடுத்து விரிவாகக் காட்டுகிறேன். ‘மிட்டிகேட்’ என்ற வினைச்சொல்லை எடுத்துக்கொள்வோம். சிறிய அகராதி ஒன்றில் இதற்குத் ‘தணி’, ‘குறை’ என்ற பொருள்கள் இருக்கும். இதை மட்டும் கற்றவர், விலையைக் குறைத்தார்கள் என்பதற்கும் வேகத்தைக் குறைத்தார்கள் என்பதற்கும் ‘மிட்டிகேட்’ என்று எழுதிவிடக்கூடும். இலக்கணப்படி அந்த வாக்கியங்களில் பிழை இராது. ஆனால் ஆங்கிலம் அறிந்தவர் எவரும் அப்படி எழுதமாட்டார்.

முதலில் துணைச்சொற்களைப் பாருங்கள். ‘மிட்டிகேட்’ என்பதற்குப் பின் எவை வருகின்றன என்று அகராதியின் எடுத்துக்காட்டுகளில் தேடினால் ‘ரிஸ்க்’, ‘டேமேஜ்’, ‘இம்பாக்ட்’, ‘எஃபெக்ட்ஸ்’, ‘ஹார்ம்’ ஆகியவை திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். இவை எல்லாம் தீமையைக் குறிப்பவை, அல்லது தீய விளைவுகளாகக் கருதப்படுபவை. ஆகவே இந்தச் சொல்லின் உண்மையான பொருள் வெறுமனே குறைப்பது அன்று. வரவிருக்கும் அல்லது வந்துவிட்ட ஒரு தீங்கின் கடுமையை மட்டுப்படுத்துவது. நன்மையை யாரும் ‘மிட்டிகேட்’ செய்வதில்லை.

அடுத்து, எதைக் குறிக்கவில்லை என்று பாருங்கள். தீங்கை முற்றிலும் தடுப்பதற்கு ‘பிரிவென்ட்’ என்ற சொல் இருக்கிறது. வலி, வறுமை, துன்பம் ஆகியவற்றிலிருந்து ஆறுதல் தருவதற்கு ‘அலீவியேட்’ என்ற சொல் இருக்கிறது. இருக்கும் சிக்கலை இன்னும் மோசமாக்குவதற்கு ‘எக்ஸாசர்பேட்’ இருக்கிறது. ‘மிட்டிகேட்’ இவற்றுக்கு நடுவே தனக்குரிய இடத்தில் நிற்கிறது: தீங்கு இருக்கும், ஆனால் அதன் கடுமை குறையும்.

பிறகு குடும்பத்தைப் பாருங்கள். பெயர்ச்சொல் ‘மிட்டிகேஷன்’. காலநிலை மாற்றம் பற்றிய எழுத்துகளில் இது கலைச்சொல்லாகவே ஆகிவிட்டது. வெப்பமூட்டும் வாயுக்கள் வெளியேறுவதைக் குறைக்கும் முயற்சிகள் ‘மிட்டிகேஷன்’ என்றும், மாறிவிட்ட சூழலுக்கு ஏற்ப வாழ்க்கையை அமைத்துக்கொள்வது ‘அடாப்டேஷன்’ என்றும் பிரித்துச் சொல்லப்படுகின்றன. சட்டத்தில் ‘மிட்டிகேட்டிங் சர்க்கம்ஸ்டன்சஸ்’ என்றால், குற்றம் நடந்தது உண்மையாயினும் தண்டனையைக் குறைக்க இடம் தரும் சூழ்நிலைகள். எதிர்மறை முன்னொட்டோடு வரும் ‘அன்மிட்டிகேட்டட்’ என்ற பெயரடையோ வேறு வழியில் போய்விட்டது: ‘அன்மிட்டிகேட்டட் டிசாஸ்டர்’ என்றால் எந்த ஆறுதலுக்கும் இடமில்லாத படுதோல்வி.

இறுதியாக, மூலமும் மயக்கமும். மென்மையான என்று பொருள்படும் ‘மிட்டிஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து இது பிறந்தது. கடுமையானதை மென்மையாக்குவது என்று நினைவில் வைத்துக்கொண்டால் பொருள் நழுவாது. இதோடு ஒலியால் ஒத்த ‘மிலிட்டேட்’ என்ற சொல் ‘மிலிட்டரி’ என்பதன் உறவு. அது ‘அகைன்ஸ்ட்’ என்ற சொல்லோடு சேர்ந்து, ஒன்றுக்கு எதிராக வேலை செய்வதைக் குறிக்கும். இரண்டையும் குழப்பி ‘மிட்டிகேட் அகைன்ஸ்ட்’ என்று எழுதுவது தாய்மொழியாளர்களிடமும் காணப்படும் பிழை.

இத்தனையும் ஒரு சொல்லுக்கா என்று தோன்றலாம். ஆனால் இந்த ஒரு சொல்லைத் தேடியதில் ‘அலீவியேட்’, ‘எக்ஸாசர்பேட்’, ‘மிலிட்டேட்’ ஆகிய மூன்றும் அறிமுகமாகிவிட்டன. சட்டத்திலும் காலநிலை அறிவியலிலும் புழங்கும் தொடர்களும் கிடைத்துவிட்டன. நாளொன்றுக்கு 2 அல்லது 3 சொற்களை இவ்வாறு ஆராய்ந்தால் போதும். 20 சொற்களை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட இதுவே நிலைக்கும்.

படி 5: பொருளுக்குள் ஒளிந்திருக்கும் தொனியைப் பிரித்தறியுங்கள்

சிக்கனம், கஞ்சத்தனம், கருமித்தனம் என்ற மூன்று சொற்களையும் தமிழில் யாரும் மாற்றிப் போட்டுவிட மாட்டோம். செலவைக் குறைக்கும் செயல் ஒன்றுதான்; பேசுபவரின் மதிப்பீடு மாறுகிறது. ஆங்கிலத்திலும் இதே வரிசை உண்டு. ‘த்ரிஃப்டி’ என்பது பாராட்டு: பணத்தை அறிந்து செலவிடுபவர். ‘ஃப்ரூகல்’ பெரும்பாலும் பாராட்டு அல்லது நடுநிலை. எளிய வாழ்க்கையையும் எளிய உணவையும்கூடக் குறிக்கும். ‘ஸ்டிஞ்சி’ நேரடியான பழிப்பு. பேச்சு வழக்கில் அதிகம் வரும். ‘மைசர்லி’ இன்னும் கடுமையானது; பணத்தைப் பூட்டிவைத்துப் பார்த்து மகிழும் கருமியின் இயல்பு. ‘பார்சிமோனியஸ்’ என்பதும் பழிப்புத்தான். ஆனால் எழுத்து நடைக்குரியது. அதே சொல் அறிவியல் எழுத்தில் வரும்போது பழிப்பு நீங்கிப் பாராட்டாகிவிடுகிறது: குறைந்த எண்ணிக்கையிலான ஊகங்களைக் கொண்டு அதிகத்தை விளக்கும் கோட்பாட்டை ‘பார்சிமோனியஸ்’ என்பார்கள்.

ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே பாராட்டு, பழிப்பு, நடுநிலை என்ற மூன்றில் ஒன்றையும், பேச்சு, எழுத்து, துறை என்ற மூன்றில் ஒன்றையும் குறித்துவையுங்கள். இந்த இரண்டு குறிப்புகளும் இல்லாமல் ஒருபொருட் சொற்களைத் தொகுத்துத் தரும் பொருளகராதியிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக் கட்டுரையில் வைப்பது ஆபத்தானது. ஒரு எச்சரிக்கையும் தேவை: இத்தகைய ஒருபொருட் சொற்கள் ஐந்தையும் ஒரே நாளில் புதிதாகக் கற்க முயன்றால் அவை மனத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒன்றை நன்றாக ஊன்றிக்கொண்டு, சில நாட்கள் கழித்து அடுத்ததை அதனோடு ஒப்பிட்டுக் கற்பதே சரியான முறை.

படி 6: வேர்களை அறியுங்கள், ஆனால் அவற்றை முழுதாக நம்பிவிடாதீர்கள்

ஆங்கிலத்தின் உயர்நிலைச் சொற்கள் பெரும்பாலும் இலத்தீன், பிரெஞ்சு, கிரேக்கம் ஆகியவற்றிலிருந்து வந்திருப்பதற்கு வரலாறு காரணம். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், அரசவையிலும் சட்டத்திலும் பிரெஞ்சு பல தலைமுறைகளுக்கு ஆட்சி செய்தது. கல்வியும் சமயமும் இலத்தீனில் நடந்தன. அதனால் ஒரே கருத்துக்கு அடுக்கடுக்காகச் சொற்கள் அமைந்தன. கேட்பதற்கு ‘ஆஸ்க்’ என்ற பழைய ஆங்கிலச் சொல், வினவுவதற்கு ‘குவெஸ்சன்’ என்ற பிரெஞ்சு வழிச் சொல், விசாரணை செய்வதற்கு ‘இன்டெராகேட்’ என்ற இலத்தீன் சொல் என மூன்று அடுக்குகள். பொதுவாக, பழைய ஆங்கிலச் சொல் நெருக்கமாகவும் இலத்தீன் சொல் விறைப்பாகவும் ஒலிக்கும்.

ஒரு வேரைப் பிடித்தால் பல சொற்கள் கூடவே வரும். பார்த்தல் என்று பொருள்படும் ‘ஸ்பெக்’ என்ற வேரிலிருந்து ‘இன்ஸ்பெக்ட்’ (உள்ளே நோக்கி ஆராய்தல்), ‘ரெட்ரோஸ்பெக்ட்’ (பின்னோக்கிப் பார்த்தல்), ‘சர்க்கம்ஸ்பெக்ட்’ (சுற்றும் முற்றும் பார்த்து நடக்கும் எச்சரிக்கை), ‘கன்ஸ்பிக்யுவஸ்’ (கண்ணில் படும்படி எடுப்பானது) ஆகியவை பிறந்தன. பேசுதல் என்று பொருள்படும் ‘லோக்வ்’ என்ற வேரிலிருந்து ‘எலக்வன்ட்’ (சொல்வன்மை மிக்க), ‘கலோக்வியல்’ (பேச்சு வழக்குக்குரிய), ‘சலிலக்வி’ (தனிமொழி) ஆகியவை. காலத்தைக் குறிக்கும் கிரேக்க ‘க்ரோன்’ என்பதிலிருந்து ‘க்ரானிக்’ (நாட்பட்ட), ‘அனாக்ரனிசம்’ (காலத்துக்குப் பொருந்தாத ஒன்று).

ஆனால் வேரை வைத்து பொருளை முடிவுகட்டிவிடக் கூடாது. ‘இன்’ என்ற முன்னொட்டு எதிர்மறை என்று கற்றவர், ‘இன்ஃப்ளேமபிள்’ என்பதைத் தீப்பற்றாதது என்று கருதிவிடலாம். அது எளிதில் தீப்பற்றுவதைக் குறிக்கும் சொல். ‘இன்வேல்யுவபிள்’ மதிப்பற்றது அன்று. மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது. ‘இன்ஃபமஸ்’ புகழ் இல்லாதவர் அல்லர். கெட்ட பெயரால் எங்கும் அறியப்பட்டவர். வேர் உங்களுக்கு ஓர் ஊகத்தைத் தரும். அகராதிதான் தீர்ப்பைத் தரும்.

படி 7: இரட்டைச் சொற்களில் ஏமாறாதீர்கள்

ஒலியாலும் உருவாலும் நெருங்கிய சொற்கள் உயர்நிலையில் நிறையவே உண்டு. ‘அன்இன்டரெஸ்டட்’ என்றால் ஆர்வம் இல்லாதவர். ‘டிஸ்இன்டரெஸ்டட்’ என்றால் தன்னலம் கலக்காத நடுநிலையாளர். நீதிபதி இரண்டாமவராக இருக்க வேண்டும். முதலாமவராக இருந்துவிடக் கூடாது. ‘இன்ஜீனியஸ்’ மதிநுட்பம் மிக்கதைக் குறிக்கும். ‘இன்ஜென்யுவஸ்’ கள்ளமற்ற வெகுளித்தனத்தைக் குறிக்கும். ‘எனர்வேட்’ என்ற சொல் ‘எனர்ஜி’ என்பதை நினைவூட்டினாலும் வலுவை உறிஞ்சிச் சோர்வடையச் செய்வதையே குறிக்கிறது. ‘இமினன்ட்’ என்பது உடனே நிகழவிருப்பது. ‘எமினன்ட்’ என்பது புகழால் உயர்ந்தவர். இத்தகைய இணைகளைத் தனிப் பக்கத்தில் சேர்த்துவைத்து, ஒவ்வொன்றையும் ஒரு முழு வாக்கியத்தோடு மட்டுமே எழுதுங்கள்.

படி 8: காதால் கற்றுக்கொள்ளுங்கள்

கண்ணால் மட்டும் கற்ற சொல்லைப் பேச்சில் பயன்படுத்த நா தயங்கும். ‘எபிட்டமி’ என்ற நான்கசைச் சொல்லை எழுத்தைப் பார்த்து ‘எபிடோம்’ என்று மூன்றசையில் படிப்பவர்கள் பலர். மிகைக்கூற்றைக் குறிக்கும் ‘ஹைபர்பலி’ என்பதை ‘ஹைபர்போல்’ என்றும், குற்றம் சாட்டுவதைக் குறிக்கும் ‘இண்டைட்’ என்பதை ‘இண்டிக்ட்’ என்றும் படிப்பதும் அப்படித்தான். நுண்ணிய என்று பொருள்படும் ‘சட்டில்’ என்ற சொல்லில் ‘பி’ என்ற எழுத்து ஒலிப்பதே இல்லை.

இதைவிட முக்கியமானது அழுத்தம். தமிழில் அசைகள் ஏறத்தாழ ஒரே அழுத்தத்தோடு வருவதால், ஆங்கிலத்தில் எந்த அசை ஓங்கி ஒலிக்கிறது என்பதை நாம் எளிதில் கவனிப்பதில்லை. ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசை ஓங்கும். ‘ஃபட்டாகிரஃபி’ என்று ஆகும்போது இரண்டாம் அசைக்கு அழுத்தம் நகர்ந்து, முதல் அசையின் உயிரொலியே மங்கிவிடும். பதிவு என்ற பெயர்ச்சொல்லாக ‘ரெகர்ட்’, பதிவு செய் என்ற வினையாக ‘ரிகார்ட்’. ஆகவே ஏட்டில் ஒவ்வொரு சொல்லிலும் அழுத்தம் விழும் அசையின் கீழ் கோடிட்டு, அகராதியின் ஒலியைக் கேட்டு, வாய்விட்டு மூன்று நான்கு முறை சொல்லிப் பாருங்கள்.

படி 9: மறப்பதற்கு முன் நினைவுகூருங்கள்

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பொருளற்ற அசைகளைத் தாமே உருப்போட்டு, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதி முதலில் மிக வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்பது அவர் கண்டது. இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் தெளிவானது: முதல் மீள்பார்வை மறுநாளே நடக்க வேண்டும், அதன் பிறகு இடைவெளியைப் படிப்படியாக நீட்டலாம். மறுநாள், 3 நாட்கள், 1 வாரம், 2 வாரங்கள், 1 மாதம் என்ற வரிசை பெரும்பாலோருக்குப் பொருந்தும்.

மீள்பார்வை என்பது மீண்டும் படிப்பது அன்று. பொருளை மறைத்துவைத்து நினைவிலிருந்து எடுப்பது. ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையிலோ, படித்தபின் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். படித்த உடனே எல்லாம் தெரிந்துவிட்டது போன்ற உணர்வு எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதற்கு முன்பக்கத்தில் வினாவும் பின்பக்கத்தில் விடையும் எழுதிய சிறு அட்டைகளே சிறந்த கருவி. செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் விளக்கிய முறையில் சில பெட்டிகள் மட்டும் போதும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அது அரிதாகவே திறக்கப்படும். தவறவிட்ட அட்டை முதல் பெட்டிக்கே திரும்பும், அது நாள்தோறும் திறக்கப்படும். கணினியிலும் கைபேசியிலும் இதே வேலையை ‘ஆன்கி’ போன்ற செயலிகள் செய்கின்றன. எந்தக் கருவியானாலும் அட்டையின் முன்பக்கத்தில் தனிச்சொல்லை எழுதாதீர்கள். சொல் விடுபட்ட வாக்கியத்தை எழுதுங்கள். ‘ட்ரீஸ் கேன் டேஷ் தி எஃபெக்ட்ஸ் ஆஃப் எக்ஸ்ட்ரீம் ஹீட்’ என்று எழுதி, டேஷ் உள்ள இடத்தில் சொல்லின் முதல் எழுத்தை மட்டும் குறிப்பாகத் தரலாம். பின்பக்கத்தில் சொல், ஒலிப்பு, தொனிக் குறிப்பு, உங்கள் தமிழ் வாக்கியம் ஆகிய நான்கும் இருக்கட்டும். பிறர் தயாரித்த அட்டைத் தொகுப்புகளைத் தரவிறக்கிப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைப்பதில்லை. அட்டையை எழுதும் உழைப்பிலேயே சொல்லில் பாதி பதிந்துவிடுகிறது.

படி 10: எழுத்திலும் பேச்சிலும் பயன்படுத்துங்கள்

ஒவ்வொரு சொல்லுக்கும் முதலில் உங்கள் வாழ்க்கையைப் பற்றியோ பணியைப் பற்றியோ உண்மையான ஒரு வாக்கியம் எழுதுங்கள். அகராதியின் எடுத்துக்காட்டைப் பெயரை மட்டும் மாற்றி எழுதுவது பயிற்சி ஆகாது. வாரத்திற்கு ஒருமுறை அந்த வாரச் சொற்களில் 4 அல்லது 5-ஐக் கொண்டு, ஒரே பொருளைப் பற்றி 150 சொற்களில் ஒரு பத்தி எழுதுங்கள். எழுதி முடித்தபின் ஒவ்வொரு உயர்நிலைச் சொல்லையும் எடுத்துவிட்டு எளிய சொல்லை வைத்துப் பாருங்கள். பொருளில் எதுவும் குறையவில்லை என்றால் எளிய சொல்லே அங்கு சரியானது. ஏதோ ஒன்று நழுவுகிறது என்றால் மட்டும் உயர்நிலைச் சொல் அங்கே இருக்கத் தகுதி பெற்றது. ‘யூஸ்’ போதுமான இடத்தில் ‘யூட்டிலைஸ்’ என்று எழுதுவதால் நடைக்கு எந்த உயர்வும் கிடைக்காது.

நீங்கள் எழுதிய இணைப்பு இயல்பானதா என்ற ஐயம் வந்தால், அந்த இரண்டு மூன்று சொற்களையும் மேற்கோள் குறிக்குள் இட்டு இணையத்தில் தேடுங்கள், அல்லது துணைச்சொற்களுக்கென்றே உள்ள அகராதியைப் பாருங்கள். கும்மிருட்டு என்கிறோம், கும்வெளிச்சம் என்பதில்லை. அதற்குக் காரணம் கேட்டால் வழக்கு என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. ஆங்கிலத்தில் மழை ‘ஹெவி’யாக இருக்கும், காற்று ‘ஸ்ட்ராங்’ ஆக இருக்கும் என்பதும் அப்படித்தான். துணைச்சொல் விஷயத்தில் தர்க்கத்தை நம்பாமல் வழக்கை மட்டுமே நம்ப வேண்டும்.

பேச்சில் புதிய சொல்லைக் கொண்டுவர அவசரப்பட வேண்டாம். முதலில் கேட்கும்போது அடையாளம் காணுங்கள், பிறகு எழுத்தில் பயன்படுத்துங்கள், அதன் பின் பேச்சில் தானாக வரும்.

படி 11: நாள்தோறும் படியுங்கள், மாதம் ஒருமுறை களை எடுங்கள்

அட்டைகளுக்கு நாளொன்றுக்கு 15 நிமிடம், சொற்களை ஆராய்வதற்கு 15 நிமிடம், மீதி நேரம் முழுவதும் வாசிப்புக்கு என்று ஒதுக்குங்கள். வாசிப்பு இல்லாத சொற்பயிற்சி விரைவில் வறண்டுவிடும், ஏனெனில் கற்ற சொல் புதிய சூழல்களில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும்போதுதான் அதன் எல்லைகள் மனத்தில் தெளிவாகின்றன. ஒரே துறையைப் பற்றித் தொடர்ந்து சில வாரங்கள் படிப்பது இதற்கு மிகவும் உதவும். பொருள் ஒன்றாக இருப்பதால் அதே சொற்கள் வெவ்வேறு எழுத்தாளர்களிடம் திரும்பத் திரும்ப வரும்.

மாத இறுதியில் எல்லா அட்டைகளையும் ஒருமுறை புரட்டுங்கள். ஐந்தாறு முறை தவறவிட்ட அட்டை எது என்று பாருங்கள். அதைத் தொடர்ந்து உருப்போடுவதால் பயனில்லை, வாக்கியத்தை மாற்றிப் புதிதாக எழுத வேண்டும். மூன்று மாதங்களாக வாசிப்பில் ஒருமுறைகூட எதிர்ப்படாத சொல்லை எந்தத் தயக்கமும் இல்லாமல் நீக்கிவிடுங்கள். சிந்திக்காமலேயே சொல்லிவிடும் அட்டைகளையும் அகற்றி, அந்தச் சொற்களை மட்டும் ஒரு தனிப் பட்டியலில் எழுதிவையுங்கள். அடுத்த மாதம் நீங்கள் எழுதும் மின்னஞ்சலிலோ கட்டுரையிலோ அவற்றில் எவை தேடாமலேயே வந்து அமர்ந்தன என்று அந்தப் பட்டியலில் குறியிட்டு வாருங்கள்.